அவள் வராத உதவி வகுப்பு

பொறியியல் கல்லூரியில் எங்கள் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டே பேர், நானும் அவளும். இருவரும் சுவிஸில், ஜெர்மன் பேசும் ஓல்டன் நகரில் பிறந்து வளர்ந்தவர்கள். கைத்தொலைபேசிகளில் வட்ஸ்அப் புதிதாக வந்திருந்த காலம் அது. காலையில் ஒரே ரெயினில் போவோம், பின்னேரம் ஒரே ரெயினில் திரும்புவோம். பள்ளிக்கூடத்தில் கணக்கில் எப்போதும் அவள்தான் முதல். அவளுடைய அப்பா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தார். மகள் இஞ்சினியராகப் போகிறாள் என்று பக்கத்து ஊரான திரிம்பாக்கில் இருக்கும் தமிழ்க் கோயிலுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

முதல் வருடத்தில் அனலிசிஸ் என்ற கணக்குப் பாடம் எங்கள் இருவரையும் விழுத்தியது. வகையீடும் தொகையீடும்தான், புதிதாக ஒன்றுமில்லை. நாங்கள் படித்த விதம்தான் பிழை. விடைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக வாசிப்போம், விளங்கும். அதையே மூன்று நிறப் பேனாக்களால் அழகாகப் பார்த்து எழுதுவோம். இன்னும் நன்றாக விளங்கும். சோதினை மண்டபத்தில் வெறுந்தாளைக் கண்டதும் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. ஆறு புள்ளிக்கு நான்கு எடுத்தால் சோதினை சித்தி. எனக்கு மூன்று, அவளுக்கு மூன்றரை. இன்னொரு தடவை எழுதலாம். அதிலும் தவறினால் அந்தப் படிப்பு அதோடு சரி.

செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் கணக்குக்கு உதவி வகுப்பு நடந்தது. மேல் வகுப்பு மாணவி ஒருத்தி நடத்தினாள். முதல் நாளே என் கொப்பியை மூடச்சொல்லி, பலகைக்கு முன்னால் நிற்க வைத்தாள். எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தொகையீட்டின் நடுவில் கை நின்றுவிட்டது. எந்த இடத்தில் விளங்காமல் போகிறதோ அந்த இடத்தை வாய்விட்டுச் சொல் என்றாள். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அடுத்த கிழமையும் போனேன்.

அவளையும் கூப்பிட்டேன். தலையிடி என்றாள், பிறகு பார்ப்போம் என்றாள். நான் விடாமல் கேட்கவே ஒருநாள் ரெயினில் காரணத்தைச் சொன்னாள்.

"நான் வீட்டில பாஸ் எண்டு சொல்லிட்டன். பிந்திப் போனா ஏனெண்டு கேப்பினம்."

ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நானும் கொடுத்தேன். அவள் தன் அறையில் தனியே, பழையபடி விடைகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சோதினையில் நான் மயிரிழையில் தப்பினேன். அவள் தப்பவில்லை.

அதன் பிறகும் அவள் தினமும் காலையில் புத்தகப் பையோடு ரெயினுக்கு வந்தாள். நான் வகுப்புக்குப் போக, அவள் கல்லூரி நூலகத்தில் இருந்தாள். மத்தியானம் அவளுடைய அம்மா கட்டிக் கொடுத்த சோற்றை இருவரும் பகிர்ந்து சாப்பிட்டோம். சோதினை தவறியதை அவள் வீட்டில் இன்னும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு மாதம் இப்படியே போனது.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அவளுடைய அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். அவளும் பக்கத்தில்தான் நின்றாள்.

"பிள்ளை, இவள் வீட்டில ஒண்டும் கதைக்கிறாளில்லை. படிப்பெல்லாம் சரியாப் போகுதோ?"

"ஓம் அன்ரி, நல்லாப் போகுது" என்றேன்.

அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது.

அடுத்த மாதம் கல்லூரியிலிருந்து அவளுடைய வீட்டுக்குக் கடிதம் வந்தது. அவளுடைய அப்பாவுக்கு ஜெர்மன் அவ்வளவாக வாசிக்க வராது. அதை வேலைக்குக் கொண்டுபோய், கூட வேலை செய்த ஒருவரிடம் கொடுத்து வாசிப்பித்திருக்கிறார். மகள் இப்போது கல்லூரியில் இல்லை என்ற செய்தியை அந்தச் சமையலறையில், மற்றவர்களுக்கு முன்னால் நின்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை. கோடை முடிவதற்குள் அவர்கள் தூரத்தில் இருக்கும் ஷாஃப்ஹவுசன் நகருக்கு வீடு மாறிப் போய்விட்டார்கள். நான் அனுப்பிய செய்திகளுக்கு அவள் பதில் போடவில்லை.

பல வருடங்களின் பின் ஒரு கலியாண வீட்டில் அவளைக் கண்டேன். அலுவலகப் பயிற்சி முடித்து நல்ல வேலையில் இருந்தாள், ஒரு மகளும் இருந்தாள். உன்னை அந்த வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன்.

"அது பரவாயில்லையடி" என்றாள். "அண்டைக்குக் கோயில்ல அம்மா கேட்டவா. நீ சொல்லிப்போடுவாய் எண்டுதான் நான் பக்கத்தில நிண்டனான். எனக்கு வாய் வரேல்லை."

 அவளுடைய மகள் வந்து பசிக்கிறதென்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் என் தோளைத் தொட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசைப் பக்கம் போனாள்.