பின்னுக்கு எடுக்கத் தெரியாத சந்திரமதி

சாவியைப் பாதி திருப்பிவிட்டு, மஞ்சள் நிறத்தில் எரிகிற அந்தச் சின்னச் சுருள் விளக்கு அணையும்வரை சந்திரமதி காத்திருப்பாள். பழைய டீசல் பிக்கப் அது. சூடேறுமுன் அவசரப்படுத்தினால் இருமி இருமியே நின்றுவிடும். அந்த இடைவெளியில் தலைக்கு மேலுள்ள கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்து, பொட்டு நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பாள். இல்லாவிட்டால் நகத்தால் நகர்த்துவாள். விளக்கு அணைந்ததும் வண்டி உறுமும். கண்ணாடி மட்டும் அவளுடைய நெற்றியைப் பார்த்தபடியே கிடக்கும். பின்னால் வருவது தெரியாதே என்று யாராவது கேட்டால், "பின்னாலை வாறவவைப் பாத்தால் எனக்கு ஸ்டியரிங் பிடிபடாது. பாக்காமல் விட்டால் அவ பேசாமல் வருவா" என்பாள்.

பின்னால் வருகிறவர் ஒரு ரூலோத். காரில் கொழுவி இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு விடுமுறை போகிறவர்களின் வெள்ளை வீட்டுவண்டி. பலேர்மோ நகரத்து இத்தாலியர்கள் அதற்குள் மெத்தையும் தூண்டிலும் பாஸ்தா அவிக்கிற பானையும் ஏற்றுவார்கள். சந்திரமதியின் ரூலோத்துக்குள் ஆள் உயரக் கண்ணாடியும் ஒரு சுழல்நாற்காலியும் இருக்கின்றன. மெத்தை இருந்த இடத்தில் ஒட்டியாணம், அட்டியல், சடைநாகம், பொய்முடி. அடுப்பு இருந்த இடத்தில் சீலை மடிப்பதற்கான அயன்பெட்டி. வாரநாட்களில் இரண்டு சிஞ்ஞோராக்களின், இத்தாலிய வீட்டு எசமானிகளின், வீடு துடைக்கிற சந்திரமதி, சனி ஞாயிறுகளில் தமிழ்க் கல்யாணங்களுக்கும், பெண்பிள்ளை வயதுக்கு வந்ததைக் கொண்டாடும் சாமத்திய வீடுகளுக்கும் பெண் அலங்காரம் செய்கிறாள்.

ரூலோத் வாங்கும் யோசனை தக்காளித் தகர ரின்களுக்கு நடுவில் பிறந்தது. எங்கள் ஆட்கள் எடுக்கிற மண்டபங்களில் சாப்பாட்டுக்கு இடம் இருக்கும், ஆட்டத்துக்கு இடம் இருக்கும், பெண் சீலை மாற்ற இடம் இருக்காது. ஒருமுறை மண்டபத்துச் சாமான் அறையில், தக்காளி ரின்களும் வெங்காய மூட்டைகளும் அடுக்கிய தட்டுகளுக்கிடையில் ஒரு மணப்பெண்ணை உடுத்தி அனுப்பினாள். மணவறையில் அந்தப் பெண்ணிடமிருந்து மல்லிகையையும் மீறி வெங்காயம் மணத்தது. அதற்குப் பிறகுதான், செத்துப்போன தன் புருசனின் ரூலோத் ஊரோரம் சியாகுல்லியில் மந்தரீன் தோடை மரங்களுக்கு நடுவே சும்மா கிடக்கிறது என்று சிஞ்ஞோரா ஒருத்தி சொன்னது ஞாபகம் வந்தது. அதை இழுக்கப் பிக்கப்பும் அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவனிடமே கிடைத்தது. சின்ன ரூலோத் என்பதால் கையில் இருந்த சாதாரண லைசென்ஸே போதும் என்றார்கள். போதும்தான். முன்னுக்குப் போவதற்கு.

பின்னுக்கு எடுப்பது வேறு கதை. ரூலோத் கொழுவியிருக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் வெட்டினால் அது வலப்பக்கம் போகும். சரி, அப்படியானால் வலப்பக்கம் வெட்டுவோம் என்று வெட்டினால், இரண்டும் மடங்கி, சண்டை பிடித்த தம்பதிபோல முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நிற்கும். "எனக்கு ரெண்டு பிள்ளை, ஒரு மனுசன். மூண்டு பேரும் நான் சொன்னதுக்கு எதிராப் போறவைதான். அந்தப் பழக்கத்திலை இவவையும் சமாளிப்பன் எண்டு நினைச்சிட்டன்" என்று அவள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள். ஆனால் பின்னுக்கு எடுக்கப் பழகவில்லை. அதற்குப் பதிலாக, பின்னுக்கு எடுக்கத் தேவையில்லாத ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டாள். ஒரு வாசலால் உள்ளே போய் மறு வாசலால் வெளியே வரக்கூடிய மண்டபங்கள்தான் அவளுக்கு நல்ல மண்டபங்கள். வேறு இடமென்றால் பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். சுற்றுவீதியில் திரும்பும் இடத்தைத் தவறவிட்டால் அடுத்த ஊர்வரை போய்ச் சுற்றிக்கொண்டு வருவாள். "நான் ஊர் பாக்கிறனான்" என்பாள்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முடுக்குக்குள் மாட்டிக்கொண்டது மட்டும் ஊர் பார்த்த கணக்கில் சேராது. முன்னால் மீன்வண்டி, பின்னால் பஸ். பஸ்காரன் இறங்கி வந்து இரண்டு கையையும் வானத்தை நோக்கி விரித்தான். மேல்மாடிகளிலிருந்து கயிற்றில் விடுகிற சாமான்கூடைகள் இறங்குவதை நிறுத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தன. கடைசியில் புருசன் குணரத்தினத்துக்கு அழைப்பு எடுத்தாள். அவர் ரெஸ்ரோறன்ட் சமையலறையிலிருந்து, மாப்படிந்த ஏப்ரனோடு ஓடிவந்தார். யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் ரூலோத்தைக் கழற்றி விட்டார்.

பேச்செல்லாம் வீட்டுக்கு வந்துதான். பிரான்காச்சோவில் கார்களுக்கு ரயர் போடுகிற கடை வைத்திருக்கிற ஒருவன் ரூலோத்தை விலைக்குக் கேட்கிறானாம், திங்கட்கிழமை வரச்சொல்லியாயிற்றாம். சந்திரமதி அன்று சமைக்கவில்லை, கதைக்கவுமில்லை. இரண்டாவதுதான் குணரத்தினத்தை இளக்கியது. அவள் கதைக்காமல் இருந்தால் அவருக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமைச் சாமத்திய வீட்டைத் தனியாகச் செய்துகாட்டு என்றார். "ஆரையும் உதவிக்குக் கூப்பிடாமல் நீயாக் கொண்டுபோய், நீயாக் கொண்டுவா. அப்பிடிச் செய்தியெண்டால், அவனை நான் வரவேண்டாம் எண்டுறன். ஒராளைக் கூப்பிட்டாலும் திங்கட்கிழமை அது ரயர்க்கடைக்காரன்ரை."

அந்த ஞாயிறு அவள் எல்லாருக்கும் முந்தி மண்டபத்துக்குப் போனாள். ஒரே வாசல் உள்ள முற்றம். ஆனாலும் யோசித்து வைத்திருந்தாள்: நேரே உள்ளே விடுவது, பிறகு, விருந்தினரின் கார்கள் எல்லாம் போனபின், வெறுமையான முற்றத்தில் பெரிதாக ஒரு வட்டம் அடித்து வெளியே வருவது. நேரே உள்ளே விட்டாள். ரூலோத்தின் கதவு மண்டபத்து வாசலுக்கு எதிரே அளந்து வைத்ததுபோல நின்றது. இறங்கி நின்று கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். இப்படியொரு கெட்டிக்காரி பலேர்மோவில் இருக்கிறாளா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிள்ளையின் பெயர் துசானி. அலங்காரம் முடிந்து, கழுத்துக் கொள்ளாத நகையோடு சுழல்நாற்காலியில் இருந்தாள். முற்றம் கார்களால் நிறைந்துவிட்டது. அப்போதுதான் பிள்ளையின் மாமி குகனேஸ்வரி ஆலத்தித் தட்டோடு வந்து, தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் ஃபோனில் திசைகாட்டியைத் திறந்தார்.

"வாசல் தெற்கைப் பாக்குது."

"மண்டபத்தைப் பாக்குது, அக்கா" என்றாள் சந்திரமதி.

"மண்டபமும் தெற்கிலைதானே இருக்கு. பெம்பிளைப்பிள்ளையை ஆரும் தெற்கைப் பாத்து இறக்குவினமோ? கிழக்கைப் பாக்கத் திருப்புங்கோ. நல்ல நேரம் முடியப்போகுது."

பிள்ளையை உள்ளேயே கிழக்குப் பார்க்க நிறுத்தி, பிறகு பக்கவாட்டில் இறக்கினால் என்ன என்று சந்திரமதி கேட்டுப் பார்த்தாள். நண்டுபோல இறங்குகிற ஒரு பிள்ளையைக் குகனேஸ்வரி மனதுக்குள் பார்த்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

ஒரு கால்வட்டம். அவ்வளவுதான் திரும்ப வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் கார்கள், முன்னால் கொஞ்சத் தூரத்தில் மதில். கொஞ்சம் பின்னுக்கு எடுத்து வெட்டாமல் அந்தக் கால்வட்டம் வராது. சந்திரமதி ஏறினாள். விளக்கு அணைந்தது, அன்றைக்குப் பொட்டைப் பார்க்கவில்லை.

முதல்முறை ரூலோத் ஒரு கறுப்புக் காரின் பக்கம் போனது. காரின் சொந்தக்காரர் கையை விரித்துக்கொண்டு அதற்கும் ரூலோத்துக்கும் நடுவில் வந்து நின்றார். இரண்டாம்முறை பழைய இடத்துக்கே வந்தது. மூன்றாம்முறை இரண்டும் மடங்கின. அதற்குள் முற்றத்தில் வேட்டி கட்டிய அத்தனை பேரும் ஆளுக்கொரு கையால் வழிகாட்டத் தொடங்கியிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் செல்வராசா. கொழும்பில் லொறி ஓடியவர் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"வலப்பக்கம் வெட்டுங்கோ, தங்கச்சி. இன்னும், இன்னும். ஐயோ, நான் சொன்னது என்ரை வலப்பக்கம்."

ரூலோத்தின் சின்ன யன்னல் திறந்தது. "அன்ரி, இது மாரேயிலை கப்பல் போற மாதிரி ஆடுது" என்றாள் துசானி. "நான் நடந்தே வாறன். எனக்கு இப்ப அழுகை வரும். அழுதால் மஸ்காரா உங்கடை பொறுப்பு." இறங்கக்கூடாது என்று மாமி கீழிருந்து தட்டை உயர்த்தினார். யன்னல் மூடிக்கொண்டது.

மண்டபத்து வாசலில் பிளாஸ்டிக் கதிரையொன்றில் குணரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். சந்திரமதிக்கு அவரைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. கன்னத்தில் வெயில் படுவதுபோல அவருடைய பார்வை பட்டது. இஞ்சாருங்கோ என்று ஒரு சொல் சொன்னால் போதும், எழுந்து வருவார். நாளைக்கு ரயர்க்கடைக்காரனும் வருவான். அவள் இன்ஜினை நிறுத்தினாள். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு மதிலைப் பார்த்தாள். எத்தனை பெண்களின் முகத்தை ஒரு மணித்தியாலத்தில் வேறு முகமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். இந்தத் தகரப் பெட்டியைக் கால்வட்டம் திருப்ப முடியவில்லை. சிரிப்பு வந்தது.

பிக்கப்பின் முன்மூடியில் ஒரு சால்வை வந்து விழுந்தது. குணரத்தினம் அவளைப் பார்க்காமலே பின்பக்கம் போனார். ரூலோத்தின் முன்பக்கத்துச் சின்னச் சக்கரத்தைச் சுற்றி நிலத்தில் இறக்குகிற சத்தம் கேட்டது. கொழுக்கி இரும்புக் குண்டிலிருந்து விடுபட்டபோது பிக்கப் பெருமூச்சு விட்டதுபோல மேலே எழும்பியது.

"முன்னுக்கு எடு" என்றார்.

அவள் பிக்கப்பை மதிலோரமாக ஒதுக்கினாள். திரும்பிப் பார்த்தபோது அவர் இரண்டு உள்ளங்கைகளையும் ரூலோத்தின் முதுகில் வைத்திருந்தார். தனியாளாய்த் தள்ளினார், அது அசையவில்லை. பிறகு செல்வராசா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கறுப்புக் காரின் சொந்தக்காரர் வந்தார். பிறகு யார் யாரோ. ஒருவர் மூலையில் அரோகரா என்றார். கொஞ்சம் கூச்சத்தோடு மற்றவர்களும் சொன்னார்கள். வீடியோக்கார விதுரன் மண்டபத்துக்குள்ளிருந்து கமராவோடு ஓடிவந்தான். ரூலோத் இதற்காகவே காத்திருந்ததுபோல, ஒரு சத்தமும் இல்லாமல், நின்ற இடத்திலேயே திரும்பியது. கிழக்கில் இருந்தவை நான்கு குப்பைத்தொட்டிகள். அவற்றை இரண்டு பெண்கள் பட்டுச்சீலையோடு உருட்டிக்கொண்டு போனார்கள். கதவு திறந்தது. துசானி வலக்காலை வைத்து, வெறும் மதிலைப் பார்த்து, இராணிபோல இறங்கினாள்.

எல்லாரும் உள்ளே போனபின் சந்திரமதி சால்வையை எடுத்துக்கொண்டு புருசனிடம் போனாள். அவருடைய வேட்டியில் கிரீஸ்.

"நான் ஆரையும் கூப்பிடேல்லை."

"நானும் உனக்கு உதவிக்கு வரேல்லை" என்றார் குணரத்தினம். "பிள்ளை இறங்காமல் சோறு போடமாட்டினம். எனக்குப் பசி."

கத்தானியாவிலிருந்து வந்திருந்த ஒரு தாய் நடுவில் புகுந்தார். தன் மகளுக்கும் அடுத்த மாதம் வைக்க இருக்கிறதாம். இந்தத் தேர் தள்ளுகிற மாதிரி ஒரு வருகையை அவர் எங்கேயும் பார்த்ததில்லையாம். தங்களுக்கும் இப்படியே செய்து தருவீர்களா என்று கேட்டார். சந்திரமதி ஒருகணமும் தடுமாறவில்லை. "ஓம் அக்கா, அதுவும் இதோடை சேர்ந்ததுதான். தள்ளுற ஆக்கள் மட்டும் உங்கடை பக்கத்தாலை வரவேணும்."

குணரத்தினம் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார். ரயர்க்கடைக்காரனிடம் திங்கட்கிழமை வரவேண்டாம், அடுத்த திங்கட்கிழமையும் வேண்டாம், எந்தத் திங்கட்கிழமையும் வேண்டாம் என்று இத்தாலியனில் மூன்று விதமாகச் சொல்வது கேட்டது. பேசி முடித்து நேரே சாப்பாட்டு மேசைக்குப் போனார்.

முற்றத்தில் யாரும் இல்லை. மதிலோரம் நின்ற பிக்கப் வழியை மறித்துக்கொண்டிருந்தது; இரண்டு கார்களுக்கு நடுவே ஓர் ஒடுங்கிய இடைவெளி காலியாக இருந்தது. சந்திரமதி ஏறி, பின்னால் எதுவும் கொழுவாத வெறும் பிக்கப்பை ஒரே வெட்டில், ஒரே தடவையில், நூல் பிடித்தாற்போல அந்த இடைவெளிக்குள் பின்னுக்கு விட்டாள். இறங்கினாள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம். சுற்றிலும் பார்த்தாள், ஒரு மனிதர் இல்லை. அப்போது கை கழுவிய ஈரத்தை உதறிக்கொண்டு செல்வராசா வெளியே வந்தார். அவள் மறுபடியும் ஏறி, பிக்கப்பை முற்றத்தின் நடுவுக்கு வெளியே எடுத்தாள். முழங்கையை யன்னலில் வைத்துக்கொண்டு, அவர் இருக்கும் பக்கமே திரும்பாமல், மெல்ல, மிக மெல்ல அதே இடைவெளிக்குள் பின்னுக்கு விடத் தொடங்கினாள்.