போர்க்கில் தடவிய தேங்காயெண்ணெய்

என் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கம்பெனி பெயர் சொல்ல முடியாது. யுத்தம் முடிந்து பட்டாளத்தில் கழித்துப் போட்ட சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஒரு வண்டியின் பிரேம், இன்னொன்றின் எஞ்சின், இரண்டையும்விடக் கனமான ஏதோ ஒன்றின் முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் போர்க் என்று பொறுக்கியெடுத்து, மூன்று வருஷம் பாடுபட்டு நானே பூட்டினேன். நெய்யாற்றின்கரையில் ஒரு பஸ் பட்டறையில் எனக்குப் பிட்டர் வேலை. வீடு கொல்லயிலில். வேலைக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் பெருமைக்குத்தான்.

இன்றைய வண்டிகளில் முன்பக்கக் குழாய்க்குள் எண்ணெய் இருந்து குலுக்கலை வாங்கிக்கொள்ளும். அந்தக் காலத்துப் போர்க்கில் அதெல்லாம் கிடையாது. நடுவில் ஒரு தடித்த ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தால் அது அமுங்கும், அமுங்கியது துள்ளும். அந்தத் துள்ளலை அடக்குவதற்காக இரண்டு பக்கமும் வட்டத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசியபடி இருக்கும். கையால் திருகும் ஒரு நட் உண்டு. இறுக்கினால் உரசல் கூடிப் போர்க் விறைக்கும், தளர்த்தினால் இளகும். தட்டுகள் எப்போதும் காய்ந்து கிடக்க வேண்டும். இதைப் பட்டறையில் சேர்ந்த முதல் வாரமே எவனும் தெரிந்துகொள்வான்.

என் தட்டுகள் பஸ்ஸின் பழைய பிரேக் லைனிங்கை வெட்டி நானே செய்தவை. பிடி அருமையாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு குழிக்கும் கிறீச் என்று கத்தும். எங்கள் பக்கத்து ரோட்டில் குழிக்குப் பஞ்சமா? பாறசாலை வரைக்கும் என் வண்டியை யாரும் மோட்டார் சைக்கிள் என்று சொன்னதில்லை, கிறீச்சு வண்டி என்றே சொன்னார்கள். நான் திருப்பத்துக்கு அப்பால் வரும்போதே டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை எடுத்து வைப்பார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

தமிழ் பேசும் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்தில் இருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். கூட்டத்துக்கு நானும் போயிருக்கிறேன். எப்போதும் கடைசி வரிசையில், ஓடுவதற்குத் தோதான இடமாகப் பார்த்து நிற்பேன். தெற்கே துப்பாக்கிச் சூடு என்று கேள்விப்பட்ட பிறகு அந்தக் கடைசி வரிசையையும் விட்டுவிட்டேன். போலீஸ் வீடு புகுந்து ஆட்களைக் கொண்டுபோகிறது, திரும்பி வந்தவர்கள் உட்கார முடியாமல் குப்புறப் படுத்துக் கிடக்கிறார்கள் என்று ஞாயிறு ஆராதனை முடிந்து சபையில் பேசிக்கொண்டார்கள். நான் பயந்தாங்கொள்ளி. அதை இந்த வயதில் ஒளித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அப்போதுதான் என் மனைவியை நாய் கடித்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்கும். வயல் வரப்பில் வரும்போது எங்கிருந்தோ வந்த நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. மூன்றாம் நாள் அந்த நாய் வாய்க்காலில் செத்துக் கிடந்தது. வெறிபிடித்த பேய்நாய்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. நாளுக்கு ஒன்று. ஒருநாளும் விடக்கூடாது. விட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. பேய்நாய்க்கடியில் ஒருவர் சாவதைச் சின்ன வயதில் அம்பூரியில் பார்த்திருக்கிறேன். தண்ணீர்ச் செம்பைக் கண்டதும் அந்த மனுஷன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுங்கியதை இப்போது எழுதும்போதும் கை நிற்கிறது.

பஸ் ஓடவில்லை. பட்டறை பூட்டிக் கிடந்தது. வில்வண்டிக்காரர்கள் போலீஸுக்கும் கல்லெறிக்கும் பயந்து ரோட்டுக்கு வர மறுத்தார்கள். கால் வீங்கியவள் அத்தனை தூரம் நடக்கவும் முடியாது. மிச்சம் இருந்தது என் வண்டிதான்.

நாலைந்து ஊசிக்குப் பிறகு அவள் வயிறு கன்றிச் சிவந்து கல்லாக இருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் முதுகுப்பக்கம் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்கும். அதனால் தினமும் காலையில் போர்க்கைச் சரிபார்ப்பது ஒரு ஜெபம் மாதிரி ஆகிவிட்டது. அவளைப் பின்சீட்டில் உட்கார வைப்பேன். அவள் ஏறினால் முன்பக்கம் லேசாகிவிடும் என்பதால், ஏற்றி வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஹேண்டிலை முழுப் பலத்தோடு அமுக்கி விடுவேன். ஒரே ஒரு தடவை எழும்பி நின்றால் சரி. இரண்டு தடவை ஆடினால் தளர்வு. எழும்பவே யோசித்தால் இறுக்கம். நட்டைக் கால் திருகு இறுக்குவேன், அரைக்கால் திருகு விடுவேன். அதிகம் இறுக்கினால் கல்லும் குழியும் அப்படியே அவள் வயிற்றுக்குப் போகும். அதிகம் விட்டால் சக்கரம் ரோட்டில் நிற்காது. அவளும் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் இத்திரி விடுங்க. எனக்க வயிறு சொல்லும், நீங்க திருகினா போதும்" என்பாள். எட்டு நாளில் எனக்குச் சமமான பிட்டர் ஆகிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் திரும்பி வரும்போது, ரோட்டுக்குக் குறுக்கே மூங்கில் கட்டி நின்றிருந்த போலீஸ்காரர்களில் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். ராத்திரி யாரோ போராட்ட நோட்டீஸ் கொண்டுவந்து கொல்லயில் முழுக்கப் போட்டிருக்கிறார்கள் என்றார். வண்டியில்தான் வந்திருக்க வேண்டுமாம். இந்தப் பக்கத்தில் வண்டி வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று என்னையே கேட்டார். நான் வாய்க்கு வந்த மலையாளத்தில் ஏதோ உளறினேன். அவர் முன்சக்கரத்தைப் பூட்ஸ் காலால் ஒரு மிதி மிதித்தார். போர்க் கிறீச் என்றது. இந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி விட்டுவிட்டார்.

எனக்கு வீடு வந்து சேர்ந்ததே தெரியவில்லை. அவள் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தாள். நான் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே அடையாளம் சொல்லும் சத்தம். எந்த ராத்திரி எவன் என்ன செய்தாலும், கிறீச்சு வண்டிக்காரன் என்று ஒருவர் சொன்னால் போதும், நானும் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டியதுதான். எங்கள் ஊரில் கதவு கத்தினால் தேங்காயெண்ணெய், கிணற்றுத் துலா கத்தினால் தேங்காயெண்ணெய், பிள்ளைக்குக் காது வலித்தாலும் தேங்காயெண்ணெய். அடுக்களையில் இருந்து அவள் தலைக்கு வைக்கும் குப்பியை எடுத்து வந்தேன். ஒரு கோழி இறகை அதில் முக்கி, தட்டுகளின் இடுக்கில் நாலு சொட்டுத் தடவினேன். ஹேண்டிலை அமுக்கினேன். சத்தமில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை துள்ளி நின்றது. நட்டை முழுக்க இறுக்கினேன். அப்படியும் இரண்டு துள்ளல். காலையில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. எல்லாம் தெரிந்தே செய்தேன்.

பத்தாம் நாள் காலையில் அவளை ஏற்றி வைத்துச் சரிபார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயம். "சத்தம் எங்க போச்சு?" என்று கேட்டாள். கிரீஸ் போட்டேன் என்றேன். மூங்கிலைச் சத்தமில்லாமல் தாண்டினோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். ஆற்றுக்கு இறங்கும் சரிவில் ரோடு முழுக்க வரிவரியாக மேடும் பள்ளமும். முதல் பள்ளத்தில் துள்ளிய முன்சக்கரம் அடுத்ததில் அடங்கவில்லை. துள்ளலுக்கு மேல் துள்ளலாக ஏறி, ஹேண்டில் என் கையில் பேய் பிடித்த மாதிரி உதறியது. பிரேக்கைத் தொட்டேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

எனக்கு முழங்கை சிராய்ப்பு மட்டும். அவள் ரோட்டோரச் சரளில் வயிறு அடிபட விழுந்து சுருண்டு கிடந்தாள். சக்கரம் வளைந்துவிட்டது. பக்கத்து விளைத் தோட்டத்தில் இருந்தவர்கள் தூக்கித் தங்கள் வீட்டில் கிடத்தினார்கள். வண்டி கிடைக்குமா என்று நான் வீடு வீடாக ஓடினேன். அதற்குள் டவுனில் கலாட்டா, யாரும் ரோட்டில் இறங்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. அன்றைய ஊசி போனது.

மறுநாள் காலைக்குள் சக்கரத்தை அடித்து நிமிர்த்தினேன். தட்டுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, தீயில் வாட்டி, உப்புத்தாளில் தேய்த்தேன். மூன்று முறை அப்படிச் செய்தும் தேங்காயெண்ணெய் மணம் விடவில்லை. நாலாவது முறைதான் தட்டு காய்ந்து பிடித்தது. அவளை ஏற்றி ஹேண்டிலை அமுக்கினேன். ஒரு துள்ளல், ஒரு கிறீச். அவள் கண்ணைத் திறந்து, ரோடு மோசம், உங்கள்மேல் தப்பில்லை என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

மூங்கிலுக்கு நூறு கெஜம் முன்பே சத்தம் கேட்டு அதே போலீஸ்காரர் நடு ரோட்டுக்கு வந்துவிட்டார். வண்டியை நிறுத்தினேன். நேற்று எந்த வழியாகப் போனாய், ராத்திரி எங்கே இருந்தாய் என்று தொடங்கினார். பின்னால் இருந்து அவள்தான் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டி, பேய்நாய் கடித்ததை மலையாளத்தில் சொன்னாள், "பேப்பட்டி கடிச்சதா சாறே." அந்த ஆள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். சீட்டைத் தொடவேயில்லை. அதற்குப் பிறகு மூன்று நாளும், கிறீச் சத்தம் கேட்டதுமே மூங்கிலைத் தூக்கிவிட்டுத் தள்ளி நின்றார்கள். என் சத்தத்தால் எனக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை. ஒரு வார்த்தை நேராகச் சொல்லியிருந்தால் ஒன்பதாம் நாளே முடிந்திருக்கும்.

டாக்டர் திட்டினார். விட்டுப்போன ஊசியையும் கடைசி நாளில் சேர்த்துப் போட்டு முடித்தார். ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், ஆறு மாசம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஏன் விட்டுப்போனது என்று கேட்டதற்கு, ரோடு சரியில்லை டாக்டர் என்று நானும் சொன்னேன்.

அந்த ஆறு மாசத்தை எப்படிச் சொல்வேன்? ஊர்வலம், தடியடி, எந்தக் கிராமம் எந்தப் பக்கம் போகும் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. அவள் காப்பி குடிக்கும்போது தொண்டையைப் பார்ப்பேன். குளிக்கத் தண்ணீர் கோரும்போது முகத்தைப் பார்ப்பேன். இருமினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். சபையில் திருவிருந்துக்கு எல்லோருக்கும் ஒரே கிண்ணம். அவளுக்குப் பிறகு குடிக்க ஆட்கள் தயங்குகிறார்கள் என்று தெரிந்து, அவளாகவே பெண்களுக்கும் ஆண்களுக்கும் கடைசியில் போய் முழங்கால் போட்டாள். நான் அவளுக்கும் பின்னால் போனேன். அவள் விழுங்குகிறாளா என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். சபைப் போதகரான ஐயர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நல்ல புருஷன் என்று பெண்கள் பேசிக்கொண்டார்களாம். அவள் வந்து சொல்லிச் சிரித்தாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறு மாசம் முடிந்த மறுநாள் காலை. அவள் அடுக்களை வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கின் தோலைத் தொலித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு குறையும் இல்லை. நெஞ்சில் இருந்ததை இனிமேலும் வைத்திருக்க என்னால் முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸ்காரரின் மிரட்டல், குப்பி, கோழி இறகு, இரண்டு துள்ளல், அதைத் தெரிந்தே அவளை ஏற்றியது. அன்றிலிருந்து அவள் விழுங்கும் ஒவ்வொரு வாயையும் நான் எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்பதையும் சொன்னேன்.

அவள் கத்தியை வைக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஒரு கிழங்கை முழுதாகத் தொலித்து முடித்துச் சட்டியில் போட்டாள்.

"நீங்க என்னையே பாத்துட்டு இருந்ததெல்லாம் எனக்குத் தெரியும்," என்றாள். "பிரியம் ஆக்கும்னு நெனச்சிருந்தேன்."

இரண்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிழங்கைக் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் சொல்லவேயில்லை.