வாலைப் பிடித்த கை

கூடாரத்தை வாங்கியது நான்தான். ஆன்லைனில் பார்த்தேன், நான்கு பேர் படுக்கலாம் என்று போட்டிருந்தது, ஆரஞ்சு நிறம். "உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?" என்று பின்னால் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தில் எதையோ தேடினார்கள். அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அதற்கு மேல் என்னிடம் எதுவும் தேறவில்லை. ஒரு குழந்தை ஆசைப்பட்டது, அத்தைக்காரி வாங்கிக் கொடுத்தாள். இதில் என்ன குற்றம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

குழந்தை என்றால் என் அண்ணன் மகள். ஒரே பெண், நான்காம் வகுப்பு. போனில் யாரோ மலைமேல் கூடாரம் போட்டு நூடுல்ஸ் கிண்டுவதைப் பார்த்துவிட்டு ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கடலோரம் வைத்திக்குப்பத்தில் இருக்கிறான், விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன். அண்ணி அங்கேயே ரோட்டோரம் பலகை போட்டு மீன் விற்கிறாள். நான் நாலு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் எல்லாருக்கும் சேர்ந்தாற்போல நேரம் கிடைப்பது தடைக்காலத்தில்தான். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று விசைப்படகுகளை அரசாங்கம் கட்டிப்போட்டுவிடும். எனக்கும் கோடை லீவு. கடலுக்குப் போகாத அண்ணனை வீட்டில் வைத்துக்கொண்டு சமாளிப்பது பெரும்பாடு. ஓடுகிற ஃபேனை இறக்கித் துடைப்பான், நல்லா இருக்கிற மிக்ஸியைப் பிரித்துப் போடுவான்.

"எங்கயாச்சும் இட்டுட்டுப் போ இவர. எனக்கு மிக்ஸியாவது மிஞ்சும்" என்று அண்ணிதான் சொன்னாள்.

காலாப்பட்டு தாண்டி அண்ணனின் கூட்டாளி ஒருவருக்குக் கடலோரம் சவுக்குத்தோப்பு இருக்கிறது. ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் திரும்பிவிடலாம் என்று கிளம்பினோம். அண்ணன் பைக்கில் அவர்கள் மூன்று பேர், பின்னால் என் ஸ்கூட்டியில் நானும் கூடாரமும் குழம்புச் சட்டியும். வெட்டி அடுக்கின சவுக்குக் கட்டைகளுக்குப் பக்கத்தில் நல்ல நிழல் இருந்தது. அங்கேயே கூடாரத்தைக் கட்டினோம். அண்ணன் உள்ளே தலையை விட்டுப் பார்த்தான்.

"நாலு பேரா? எங்க போட்ல ஐஸ் பொட்டியே இதவிடப் பெருசு" என்றான். குழந்தை அவன் முதுகில் ஏறிக் குத்தினாள். அப்போது அவன் சிரித்த சிரிப்பைத்தான் நான் கடைசி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகும் சிரித்திருக்கிறான். ஆனால் அதெல்லாம் எங்களுக்காகச் சிரித்தது.

நடந்ததைச் சொல்வதற்கு முன் கடல் பாம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் என் அண்ணனை முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். படகில் வலையை இழுத்துக் கொட்டும்போது மீனோடும் நண்டோடும் பாம்பும் விழும். விழாத நாள் குறைவு. அதற்கும் விஷம் உண்டு, பொல்லாத விஷம். ஆனால் மேலே வந்ததும் அதற்குத் தெம்பு போய்விடும். நனைந்த கயிறு மாதிரி துவண்டு கிடக்கும், தலையைத் தூக்கிக் கையை எட்டாது. மீனை ரகம் பிரிக்கிறவர்கள் பேச்சை நிறுத்தாமலே வாலைப் பிடித்துத் தூக்கிக் கடலில் வீசிவிடுவார்கள். அடித்துக் கொல்வது கிடையாது. வலையில் வந்த பாம்பைக் கொன்றால் அடுத்த இழுப்புக்கு வலை வெறுமையாக வரும் என்பார்கள். அண்ணன் இதையெல்லாம் மகளுக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறான். "அது கடலோட பொருளும்மா. நம்ம கைல வந்தா திருப்பிக் குடுத்துடணும்" என்பான். குழந்தை வகுப்பில் போய், எங்க அப்பா பாம்பைத் தூக்கிப் போடுவார் என்று அளந்துவிட்டு வருவாள். எல்லாம் உண்மைதான்.

அண்ணி செங்கல் கூட்டி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கட்டை அடுக்கின பக்கம் செருப்பை எடுக்கப் போன குழந்தை, "அப்பா, பாம்புப்பா!" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலில் பயம் இல்லை, தாங்க முடியாத சந்தோஷம் இருந்தது.

கூடாரத்துக்கும் கட்டைக்கும் நடுவில் சுருண்டு கிடந்தது. தடித்த உடம்பு, பழுப்பு நிறம், முதுகு நெடுக சங்கிலி கோத்த மாதிரி வட்டங்கள். விசில் வருவதற்கு முன்னால் குக்கர் சீறுமே, அப்படிச் சீறியது. எங்கள் குப்பத்தில் யாருக்கும் நிலத்துப் பாம்பின் பேர் தெரியாது. எனக்கும் தெரியாது.

அண்ணன் முதலில் மகளைத் தூக்கி அண்ணியிடம் தள்ளினான். பிறகு அடுக்கிலிருந்து ஒரு சவுக்குக் கட்டையை உருவினான். அதை ஓங்கும்போதுதான் அவள் கத்தினாள்.

"அடிக்காதப்பா! நீ அடிக்க மாட்டேன்னு சொன்னல்ல? கடல்ல வுடுப்பா!"

அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தான். எல்லாம் நடந்த பிறகும் அந்த முகத்தை என்னால் வெறுக்க முடியவில்லை. பெருமையில் அசடு வழிந்த முகம். கட்டையைக் கீழே போட்டான். கடல் எதிரிலேயே இருந்தது, நாலு எட்டு வைத்தால் அலை. பாம்பின் பின்பக்கமாகப் போய் எத்தனையோ வருஷப் பழக்கத்தில் வாலைப் பிடித்துத் தூக்கினான்.

கடல் பாம்பு தொங்கும். இது தொங்கவில்லை. தன் உடம்பையே பற்றிக்கொண்டு மேலே ஏறுவதுபோல வளைந்து வந்து, அவன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கவ்வியது. அண்ணன் கையை உதறினான். அது மணலில் விழுந்து, அவசரமே படாமல் முள்ளுப் புதருக்குள் போய்விட்டது.

"ஒண்ணும் இல்ல, லேசா கீறிடுச்சி" என்றான்.

நாங்கள் அசட்டையாக இருக்கவில்லை. இதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், யாருக்கும் காது கேட்பதில்லை. கயிறு போட்டு இறுக்கவில்லை, பிளேடால் கீறவில்லை, எந்த மந்திரிப்பவரிடமும் ஓடவில்லை. கையை அசைக்காதே என்று துண்டால் கழுத்தோடு தூளி கட்டினேன். ரோட்டில் வந்த முதல் காரை மறித்தேன், அந்தப் புண்ணியவான்கள் மறுபேச்சில்லாமல் எங்களை ஏற்றிக்கொண்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் என்பதால் ஊருக்குள் வரும் வழியெல்லாம் சென்னை வண்டிகள். கடற்கரையில் காற்று வாங்க வந்தவர்கள் எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் கை முழங்கை வரை வீங்கிவிட்டது. கைக்குட்டையில் துப்பினான், சிவப்பாக இருந்தது.

"வெத்தல போட்ட மாதிரி கீது பாரு" என்று மகளுக்குக் காட்டிச் சிரித்தான். அப்போது அவன் எங்களுக்காகச் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் தாமதமே இல்லை. டாக்டர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அதேதான் என்றோம். கண்ணாடி விரியன் என்றார். மருந்து ஏற்றினார்கள். ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு அசைக்காமல் வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சாய்த்துப் பார்ப்பார்கள், உறைந்திருந்தால் விஷம் அடங்குகிறது என்று அர்த்தமாம். சாய்த்தார்கள். தண்ணீர் மாதிரி ஓடியது. மறுபடி மருந்து, மறுபடி குழாய். மறுபடியும் ஓடியது.

அண்ணி வாசலில் நின்று அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வஞ்சரத்த வெட்டுனா, துண்டு போட்டு முடிக்கறதுக்குள்ள பலகையில ரத்தம் கெட்டியாயிடும். சொரண்டிதான் எடுக்கணும். இது இன்னா இப்பிடி ஓடுது?" என்று என்னிடம் கேட்டாள். பிறகு நர்ஸிடம் கேட்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் ரத்தம் உறைந்தது. நர்ஸ் குழாயைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். அசையவில்லை. அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். கேன்டீனில் போய் எல்லாரும் இட்லி தின்றோம். அந்த இட்லி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, ஏனென்றால் அதைத் தின்னும்போது எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பினேன்.

அன்று சாயங்காலம் கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையைக் காட்டி டாக்டர் ஏதோ மெதுவாகச் சொன்னார். பை காலியாக இருந்தது. விஷம் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது, டயாலிசிஸ் பண்ண வேண்டும், பல பேருக்குக் கொஞ்ச வாரத்தில் தானாகத் திரும்பிவிடும், பொறுத்துப் பார்க்கலாம் என்றார். பொறுத்தோம். காலையில் எழுந்தால் அண்ணி முதலில் அந்தப் பையைத்தான் பார்ப்பாள். அதற்கிடையில் கட்டைவிரல் பக்கத்துச் சதை கறுத்துப்போனது, வெட்டி எடுத்தார்கள். கை பிழைத்தது, ஆனால் விரலை மடக்கி மூட முடியவில்லை. சரி, கை போனால் போகட்டும் என்று நினைத்தோம். மற்றது திரும்பினால் போதும் என்று எங்கள் ஆசை அந்த அளவுக்கு இறங்கிவிட்டது.

தடைக்காலம் முடிந்தது. படகுகளுக்குப் பூசணிக்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி இறக்கினார்கள். அண்ணனுடைய இடத்தில் வேறு ஒரு ஆள் ஏறினான். ஏறாமல் என்ன செய்வான், அவனுக்கும் வயிறு இருக்கிறது. அன்று அண்ணன் டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, குழாயில் தன் ரத்தம் போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "காத்து எங்கேர்ந்து அடிக்குது?" என்று மட்டும் கேட்டான். ஏசி அறையில் எனக்கு எப்படித் தெரியும்? தெற்கிலிருந்து என்று சொல்லிவைத்தேன்.

சில மாதங்கள் போனதும், இனிமேல் திரும்பாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். குப்பத்தில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். குலதெய்வத்துக்குச் செய்யாத குறை என்றார் ஒருவர். "பாம்ப வுட்டுட்டு வந்துட்டீங்களா? அது சும்மா இருக்காதே" என்றாள் ஒருத்தி. அது எதற்குச் சும்மா இருக்க வேண்டும், செய்ய வேண்டியதைத்தான் செய்து முடித்துவிட்டதே என்று கேட்டேன். அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. எனக்கு அந்தப் பாம்பின் மேல்கூடக் கோபம் இல்லை. அதைத் தொந்தரவு செய்தோம், கடித்தது. கோபப்பட ஒரு ஆள் கிடைக்காததுதான் என்னை அறுக்கிறது. நல்ல மனசோடு ஒருத்தன் கட்டையைக் கீழே போட்டான், அவ்வளவுதான் நடந்தது. இதற்குப் பிறகு நல்லது நடக்கும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. நடக்காது. மெஷின், வீடு, மறுபடி மெஷின். அண்ணன் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வருகிறான், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உயிரோடு இருக்க வேண்டும் என்றால் அவன் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். குடித்தது வெளியே போகாது, நெஞ்சில் ஏறி மூச்சை அடைத்துவிடும். ஒருமுறை அப்படி ஆகி, நீலம் பாரித்து, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குப் பிறகு தண்ணீர் மகள் பொறுப்பில் போய்விட்டது. யாரும் ஒப்படைக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய அளவை ஊற்றி வைப்பாள். காபி கொடுத்தால் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவாள். அண்ணி இரக்கப்பட்டுக் கூடுதலாக ஒரு வாய் கொடுத்துவிடுவாள் என்று அண்ணியைக்கூட நம்புவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். வெயில் கொளுத்தியது. வாசலில் நிழலில் நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தான், கடல் தெரிகிற பக்கம் முகம். குழந்தை அவன் காலடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அப்பா, நான் கத்தலன்னா நீ அத அடிச்சிருப்பல்ல?"

இந்தக் கேள்வி இத்தனை நாள் அவளுக்குள் இருந்திருக்கிறது. எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

"இல்லடா கண்ணு" என்றான் அண்ணன். "நான் என்னைக்கு அடிச்சிருக்கேன்? நீ சொல்லலன்னாலும் தூக்கித்தான் போட்டிருப்பேன்."

"கட்டய எடுத்தியே."

அண்ணன் என்னைப் பார்த்தான். நானும் அன்று பார்த்தவள்தான்.

"அது சும்மா, ஓட்டி வுடறதுக்கு" என்றான்.

அவள் சரி என்று தலையாட்டினாள். நம்பித் தலையாட்டவில்லை. நம்பிவிட்டதாக அப்பா நினைத்துக்கொள்ளட்டும் என்று ஆட்டினாள். அந்த வயசில் ஒரு குழந்தைக்கு இது தெரியக் கூடாது.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் உதட்டை நக்கிக்கொண்டான். "தண்ணி குடும்மா" என்றான்.

அவள் எழுந்து உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் இருந்தது.

"இது ராத்திரி மாத்திரைக்குப்பா. இன்னிக்கு அவ்ளோதான்."

"ஒரே ஒரு வாய். நாக்கு ஒட்டிக்கிச்சி."

"இல்லப்பா."

அவன் மூடாத அந்த வலது கையை அவள் பக்கம் நீட்டினான். குழந்தை பாட்டிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, சத்தம் வரவில்லை. அண்ணன் கெஞ்சினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கொடுக்கவில்லை.