துரை பங்களாவின் முன்வாசல்

அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: திட்டு வாங்கப் பழகினால் போதும், மற்ற வேலையெல்லாம் தானாக வரும். எனக்குக் கூடுதலாக ஒரு வில்லங்கம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டச் சரிவில் இருந்த எங்கள் கந்தோரே ஒரு பழைய துரை பங்களா. வெள்ளைக்காரத் துரை கப்பலேறிய பிறகு அரசாங்கம் வீட்டை எடுத்து, வரவேற்பறையில் கவுண்டர் போட்டு, அதற்குப் பின்னால் எங்களையும் போட்டது.

குளியல் தொட்டி

அலுமாரி போதாமல் பிறப்புப் பதிவேடுகளைத் துரையின் குளியல் தொட்டிக்குள் அடுக்கியிருந்தோம். ஒருநாள் டவுன் கடைக்காரர் ஒருவர் பிரதி கேட்டு வந்தார். "கொஞ்சம் இருங்க, பாத்ரூமுக்குப் போயிட்டு வர்றேன்" என்றேன். அரை மணி நேரம் தேடி, கையில் தடித்த பதிவேட்டோடு திரும்பினேன். மனிதர் என்னையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அங்கயும் போய்ப் புத்தகம் வாசிச்சா எப்படிங்க நேரத்துக்கு வர்றது?"

குசினிக் கதவு

இன்னொரு நாள் பகல் இரண்டு மணிக்குத் தேத்தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனேன். பின்வாசல் வெயிலில் கொழுந்தெடுக்கும் ராமாயி அக்கா நின்றார். மகளின் நர்ஸ் வேலை விண்ணப்பம் அன்றைய தபாலில் போயாக வேண்டும்; அதற்குப் பிறப்புப் பத்திரப் பிரதி வேண்டும். காலை எட்டு மணியிலிருந்து நிற்கிறாராம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முன்பக்கம் வந்தால் என்ன என்று கேட்டேன். விவரமில்லாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"துரை பங்களாவுக்குத் தோட்டத்து ஆளுங்க முன்வாசலால வரலாமாங்க?"

அரைப் பேர்

பிரதியை எழுதிவிட்டேன். ஆனால் கவுண்டருக்கு வந்து கையெழுத்துப் போட்டால்தான் பெரிய கிளாக்கர் முத்திரை குத்துவார். மூன்று மணிக்குத் தபால் கட்டிவிடுவார்கள். முன்பக்கம் அழைத்துவந்தால், அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியடியில் நின்றுவிட்டார். அவருடைய அப்பா துரை காலத்தில் ஒருமுறை இந்தப் படியில் ஏறியதற்கு, அன்றைக்கு அரைப் பேர்தான் போட்டார்களாம். முழுநாள் வேலைக்குப் பாதிச் சம்பளம். தபாலுக்கு இன்னும் பத்து நிமிடம்தான்.

"மகளை நினைச்சுக்கிட்டு ஏறுங்க அக்கா" என்றேன்.

ஏறினார். கையெழுத்துப் போட்டார். முத்திரை காயும்வரை கதிரையில் உட்கார்ந்து, ஒட்டடையையும் ஒழுகும் கூரையையும் சுற்றிப் பார்த்தார். பிறகு பிரதியை வாங்கிக்கொண்டு ஓடும்போது வாசலில் திரும்பிக் கேட்டார்:

"இந்தக் குப்பைக்கா எங்கப்பாவுக்கு அரைப் பேரு வெட்டுனாங்க?"

தபாலையும் பிடித்தார், தோட்டத்தில் போய்ச் செய்தியும் சொல்லிவிட்டார், அந்தக் கிழமையிலிருந்து எல்லாரும் முன்வாசலால் வந்து திட்ட, பின்வாசல் நாலு மணிக்கு முன்னே வீட்டுக்கு நழுவும் எங்களுக்கு மட்டும் மிஞ்சியது.