வேலைக்கு வளர்த்த முடி

எங்கள் ஊர் ஒரு நாள் காலையில் ஆந்திராவுக்குப் போய்விட்டது. நாங்கள் எங்கும் போகவில்லை. அதே ஏரி, அதே வரப்பு, அதே சத்தியவேட்டுச் சந்தை. எல்லைத் தகராறு தீர்ந்ததென்று இரண்டு ராஜ்யங்களும் ஊர்களை மாற்றிக்கொண்டதில், அதுவரை சென்னை ராஜ்யத்தில் இருந்த எங்கள் பக்கம் சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்தது. அதற்காகச் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, திட்டித் தீர்த்தவர்களும் உண்டு. எனக்கு என் வரிசை போனதுதான் பெரிதாக இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் பழைய ஜில்லாவின் வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துகொண்டிருந்தேன். "உங்க ஊர் இப்ப நம்ம ஜில்லாவுல இல்லப்பா, சித்தூர்ல போய்ப் பதிஞ்சுக்கோ" என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள். சித்தூருக்குப் போய், புதிதாகப் பதிந்து, மறுபடி வால்பக்கம் நின்றேன்.

சர்க்கார் உத்தியோகத்துக்கு இருபத்தைந்து வயது வரைதான் எடுப்பார்கள். எனக்கு இருபத்துமூன்று முடிந்திருந்தது. அதற்குமேல் எத்தனை படித்திருந்தாலும் கதவு சாத்தியதுதான்.

நைனாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. நிலம் இருக்கிறது, ஏரைப் பிடி என்றார். அம்மாதான் விடவில்லை. நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று என்னைக் கிழக்கே பார்க்க நிற்கவைத்து, மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, அதை என் தலையைச் சுற்றி எடுத்து, ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டாள். "வேல கெடைக்கிற வரிக்கும் இவன் தலயில கத்தி படாது சாமி. கெடச்ச ஒடனே ஒங்கிட்டயே வந்து குடுத்துடுவான்." தாடிக்கும் சேர்த்துத்தான் வேண்டுதல். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டு மாதத்தில் வேலை கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

சித்தூரில் அக்கா வீட்டில் தங்கினேன். மாமா வெல்ல மண்டியில் எடை போடுகிறவர். அவர் வீட்டுக்குள் நுழையும்போதே வெல்ல வாசனையும் கூடவே இரண்டு குளவிகளும் நுழையும். காலையில் நான் பதிவு ஆபீசுக்கு ஒரு நடை போவேன். பியூன் என்னைக் கண்டதும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவான். திரும்பும் வழியில் மண்டியில் நின்று, மண்ணில் கொட்டி வைத்த வெல்லக் குவியலையும், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு சாப்பாடு, தூக்கம். உடம்பு வளர்ந்ததோ இல்லையோ, முடி வளர்ந்தது.

முதல் அழைப்பு சித்தூரிலேயே ஓர் ஆபீசிலிருந்து வந்தது. தெலுங்கு தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் மாடு வாங்குவதும் விற்பதும் தெலுங்கில்தான். சண்டைகூடப் பாதி தமிழில் ஆரம்பித்துப் பாதி தெலுங்கில் முடியும். கேட்ட கேள்விக்கெல்லாம் தங்குதடையில்லாமல் பதில் சொன்னேன். அவர்கள் முகம் மலர்ந்தது. அதன்பிறகு ஒரு காகிதத்தை நீட்டிப் படிக்கச் சொன்னார்கள். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தமிழும் இங்கிலீஷும்தான் படித்தேன். பேசத் தெரிந்ததெல்லாம் படிக்கவும் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். பேச்சே போதும் என்று நான் நினைத்திருந்தேன். காகிதத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டேன். அக்கா இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவமானமாகவும் கோபமாகவும் இருந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லைக்கோடு போட்டவர்கள்மேல், பள்ளிக்கூடத்தின்மேல், தினமும் தலையை ஆட்டுகிற பியூனின்மேல்.

மறுநாளிலிருந்து எழுத்துப் படித்தேன். கடைப் பலகை, பஸ் பலகை, சுவரில் ஒட்டிய சினிமா நோட்டீஸ் எல்லாவற்றையும் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். தாடியும் தலைமுடியுமாக ஒருவன் பலகைகளுக்கு முன்னால் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தால் ஊர் என்ன நினைக்கும்? ஒரு பழக்கடைக்காரர் கும்பிட்டு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். பசித்ததால் வாங்கிக்கொண்டேன். மாமாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

"மச்சான், இன்னும் கொஞ்ச நாள் வுட்டா ஒனக்கு ஒரு மடமே கட்டிக் குடுத்துடுவாங்க. அதுவும் ஒரு உத்தியோகந்தான், இன்னா சொல்ற?"

நானும் சிரித்தேன். சிரிப்பு வரவில்லை, சிரித்தேன்.

அதற்குப்பின் வந்த அழைப்புகள் ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டன. ஓர் இடத்தில் அனுபவம் கேட்டார்கள். ஓர் இடத்தில் டைப் அடிக்கத் தெரியுமா என்றார்கள். ஓர் இடத்தில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எதுவுமே கேட்காமல் அனுப்பினார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாள் கிடந்து வெந்தேன். பிறகு அது அரை நாளானது. கடைசியில், வீட்டுக்குள் வரும்போதே என்ன குழம்பு என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

"இன்னாடா ஆச்சு?" என்பாள் அக்கா.

"ஆவல."

"சரி, கை கழுவிகினு வா. துன்னுட்டுப் படு."

அவ்வளவுதான் பேச்சு. வருத்தப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது என்னிடம் தீர்ந்திருந்தது. ஊரிலிருந்து யாராவது வந்தால் அம்மா கேட்டனுப்புவது ஒன்றே ஒன்றுதான்: தலையில் கத்தி பட்டதா? படவில்லை என்று சொல்லியனுப்புவேன். வேலை கிடைத்ததா என்று அவள் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. இரண்டும் எங்களுக்கு ஒரே கேள்வி.

வயது வரம்பு முடிய இரண்டு மாதம்கூட இல்லாத சமயத்தில் திருப்பதியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. சர்க்கார் ஆபீஸ், குமாஸ்தா வேலை. இதுதான் கடைசி என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் மாமாவுக்கும் தெரியும். மாமா தன் நல்ல சட்டையைக் கொடுத்தார். தலைமுடியை அக்கா எண்ணெய் வைத்துப் படிய வாரி, பின்னால் முடிந்து, "இப்பப் பரவால்ல" என்றாள். பரவாயில்லை என்று அவள் சொன்ன விதத்திலேயே எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்த அதிகாரி வயதானவர். நெற்றியில் பளிச்சென்று நாமம். தெலுங்குக் காகிதம் ஒன்றை நீட்டினார். தடங்கல் இல்லாமல் படித்தேன். ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னார். எழுதினேன். கணக்கு கேட்டார், சொன்னேன். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைப் பார்த்ததும் மரத்துக் கிடந்த மனசு சட்டென்று விழித்துக்கொண்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு நாள் கழித்து ஆசைப்படுவதற்குப் பயமாக இருந்தது.

அப்புறம் அவர் என் தலையைக் காட்டி, "மொக்கா?" என்று கேட்டார். தெலுங்கில் மொக்கு என்றால் வேண்டுதல்.

ஆமாம் என்றேன். அவர் முகத்தில் மரியாதை வந்தது. ஆனால் உடனே உதட்டைப் பிதுக்கினார். சாமிக்குக் கொடுக்க வேண்டியதைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த ஆபீசில் ஒருவரும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை, அது நல்லதும் இல்லை என்றார். மலை பக்கத்தில்தானே இருக்கிறது, போய்க் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வந்து பார் என்றார்.

"வேலை கிடைத்தபிறகு கொடுப்பதாகத்தான் வேண்டுதல், ஐயா" என்றேன் தெலுங்கில்.

அறையில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. முடி வேலைக்காகக் காத்திருக்கிறது, வேலை முடிக்காகக் காத்திருக்கிறது, யாராவது ஒருவர் முதலில் இறங்கி வரவேண்டாமா என்றார். நான் இறங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அம்மாவைக் கேட்டிருக்கலாம். திருப்பதியிலிருந்து புத்தூர், நாகலாபுரம் வழியாக ஊருக்கு பஸ் உண்டு. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரிந்ததால் போகவில்லை. சாமிக்குச் சொன்ன சொல்லை மாற்றுவது அவளுக்கு நடக்காத காரியம். வேலை வந்த மாதிரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அலிபிரிப் படியில் ஏறினேன். முன்னாலும் பின்னாலும் கோவிந்தா போட்டுக்கொண்டு ஜனங்கள் ஏறினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணகட்டாவில், முடி இறக்குகிற அந்தக் கூடத்தில், வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தது. நாவிதர் தண்ணீரைத் தலையில் தெளித்து, முடியின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"ரொம்ப நாள் வேண்டுதல் போலிருக்குதே. இன்னா நெறவேறிச்சு?"

"இன்னும் இல்ல."

கத்தி ஒரு நொடி நின்றது. எங்கள் பேச்சுக்காரர்தான், ஆர்க்காட்டுப் பக்கமாக இருக்கலாம். குனிந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேலையைத் தொடர்ந்தார். மடியிலும் தரையிலும் ஈரமாக விழுந்த அத்தனை முடியும் என்னுடையது என்று நம்ப முடியவில்லை. குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு, தரிசனத்துக்குப் போனேன். சந்நிதியில் நின்றபோது வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. தள்ளிவிட்டார்கள், வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். அதிகாரி என்னைத் தாண்டி உள்ளே போனார். பின்னாலேயே போய் வணக்கம் சொன்னேன். யார் நீ, என்ன வேண்டும் என்றார். முடியும் தாடியும் இல்லாத என்னை அவருக்குத் தெரியவில்லை. சொன்னபிறகு, "அடடே, மொக்குப் பையனா!" என்று எழுந்தே விட்டார். எழுந்தவர் எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் போல மறுபடி உட்கார்ந்தார். அந்த இடம் சனிக்கிழமையே நிரம்பிவிட்டது, மேலிடத்துச் சிபாரிசு, தன் கையில் இல்லை என்றார். மூலையில் ஒரு புது ஆள், படிய வாரிய கிராப்போடு, குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

"சாமிக்குக் கொடுத்தது வீண்போகாது" என்றார் அதிகாரி.

தலையை ஆட்டினேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் ஆட்டினேன்.

சித்தூருக்குப் போகப் பிடிக்கவில்லை. மாமாவின் கேலி இன்றைக்கு வராது, அது இன்னும் மோசம். ஊர் பஸ்ஸில் ஏறினேன். மொட்டைத் தலையும் சந்தனமுமாக இருந்ததால் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். ஓர் அம்மா கையை நீட்டிப் பிரசாதம் கேட்டாள். பையில் இருந்த லட்டில் பாதியைக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லா இருப்பா" என்றாள். வழியெல்லாம் ஜன்னல் காற்று தலையில் பட்டுக் குளிர்ந்தது. என்ன நினைத்துக்கொண்டு வந்தேன் என்று இன்றைக்கு யோசித்தாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. வேலை இல்லை, இனி வயதும் இல்லை. இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்றுகூட யோசிக்கவில்லை.

ஏரிக்குக் கீழே எங்கள் கழனியில் நடவு நடந்துகொண்டிருந்தது. அம்மா நாலைந்து பெண்களோடு குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் நான் வருவதை முதலில் யாரோ பார்த்தார்கள். என் தலையைத்தான் பார்த்தார்கள். "யக்கோவ், ஒன் மவன் மொட்ட அடிச்சிகினு வரான்!" என்று ஒரு குரல். அம்மா நிமிர்ந்தாள். கையிலிருந்த நாற்று முடியைக் கீழே போட்டுவிட்டு, சேற்றில் விழுந்து எழுந்து ஓடி வந்தாள். அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. என் மொட்டைத் தலைக்கு எங்கள் ஊரில் ஒரே ஓர் அர்த்தம்தான். பின்னால் பெண்கள் குலவை போட்டார்கள்.

"எங்கடா? சித்தூரா, திருப்பதியா? எப்ப சேரச் சொன்னாங்க?"

சேற்றுக் கையோடு என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்வையைக் கீழே இறக்கினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கையை எடுத்தாள்.

"கெடைக்கலியா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

குலவை இன்னும் நிற்கவில்லை. அம்மா திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கழனி முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்: "நிறுத்துங்கடி. வேல இன்னும் கெடைக்கலியாம். எம்புள்ள சாமிக்கு மொதல்லயே குடுத்துட்டு வந்துகிறான். ஆரும் அவனப் போட்டுக் கேக்காதீங்க."

பெண்கள் அடங்கிப்போய்க் குனிந்துகொண்டார்கள். அம்மா முந்தானையால் என் கன்னத்துச் சேற்றைத் துடைத்துவிட்டு, மறுபடி கழனியில் இறங்கினாள். மற்றவர்கள் அதற்குள் நாலு வரிசை முன்னால் போயிருந்தார்கள். அவர்களை எட்டிப் பிடிக்க, நிமிராமல், வேகவேகமாக நட்டாள். அந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து, இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, சத்தம் போட்டு அழுதேன்.