ரைட் சொல்லாத பதினான்கு மாதங்கள்

அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான். வேறு யாராவது போட்டுக்கொடுப்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் தெருவில் இருபத்திரண்டு கடைகள். எல்லாமே காருக்கு அலங்காரம் செய்கிற கடைகள். ஹாரன், வீல், ஸ்பீக்கர், கண்ணாடிக்குக் கறுப்புத் தாள். வேகம் நாற்பதைத் தாண்டாத காருக்குப் பின்னால் றெக்கை மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்த றெக்கையில் நெருப்புப் படம் ஒட்டிக் கொடுப்பதும் நான்தான். எனக்கு ஸ்டிக்கர் கடை. பக்கத்துக் கடையில் சீட் கவர் தைக்கிற அக்கா. என்னைவிட இரண்டு வயது சின்னவள். தெருவே அக்கா என்பதால் எனக்கும் அக்கா. அதற்கடுத்த கடையில் அவள் தம்பி, ஷாக் அப்சார்பர் மெக்கானிக்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து ராலி ஓட்டுவார்கள், மண்பாதையில் நேரம் குறித்து ஓட்டுகிற கார்ப் பந்தயம். தம்பி ஸ்டீயரிங்கில், அக்கா பக்கத்து சீட்டில். ராலியில் பக்கத்து சீட் என்பது வேடிக்கை பார்க்கிற சீட் இல்லை. இரண்டு நாள் முன்பே பாதையை மெதுவாக ஓட்டிப் பார்த்து ஒவ்வொரு வளைவையும் நோட்டில் எழுத வேண்டும். எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை, அடுத்த வளைவுக்கு எத்தனை மீட்டர். கூர்மைக்கு எண் உண்டு: ஒன்று என்றால் கொண்டை ஊசி, ஆறு என்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போகலாம். போட்டி அன்று அதை ஹெல்மெட் மைக்கில் வாசித்துக்கொண்டே வர வேண்டும். புழுதியில் ஓட்டுகிறவனுக்குக் கண் பாதிதான் உதவும், மீதி காதுதான்.

அக்கா அதில் கெட்டிக்காரி. எட்டு வருடத்தில் ஒரு வளைவை மாற்றிச் சொன்னதில்லை. போன வருடம் கவிழ்ந்ததும் வளைவை மாற்றிச் சொன்னதால் இல்லை.

நடந்தது இதுதான். ஒரு சின்னப் பாலம், பாலம் முடிந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது. நோட்டில் "லெஃப்ட் ரெண்டு" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பாலத்துக்கு நூறு மீட்டர் முன்னால் தம்பி, "இன்ஜின் சூடு ஏறுதே, பரவால்லையா?" என்று கேட்டான். அக்கா மீட்டரைப் பார்த்தாள். முள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. "ரைட் ரைட், போ" என்றாள். நாம் எல்லோரும் சொல்வதுதான். பஸ்ஸைக் கிளப்பவும் ரைட், போனை வைக்கவும் ரைட், கடைக்காரர் சாமானைக் கட்டி நீட்டினாலும் ரைட். தம்பியின் காது அதைக் கேட்டது, கை அதைச் செய்தது. கார் வலப்பக்கம் திரும்பி, வாய்க்காலில் இறங்கி, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

தம்பிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு கட்டாவது போட்டிருந்தால் நாலு பேர் பாவம் என்றிருப்பார்கள். முழுசாக வந்து நின்றவளைப் பார்த்து நான், "வாங்க ரைட்டக்கா" என்றேன். தெரு பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்தில் சீட் கவர் வாங்க வருகிறவர்களே "ரைட்டக்கா கடை எது?" என்று விசாரித்தார்கள். எனக்கு அப்போது பெருமையாகவே இருந்தது. இப்போது நினைத்தால் வாயில் நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த வாரம் தம்பியின் மனைவி என் கடைக்கு வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் பிரேக் போட்டது மாதிரி இருக்கும். ராலி காரின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுகிறவர் பெயரும் பக்கத்தில் உட்காருகிறவர் பெயரும் மேலும் கீழுமாக ஒட்டியிருக்கும். "கீழ இருக்கிற பேரை எடுத்துடுங்க" என்றாள். நான் அக்காவின் கடையைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா மெஷினில் குனிந்திருந்தாள். தையல் சத்தம் மட்டும் நின்றிருந்தது. சூடு காட்டி, பிளேடால் சுரண்டி எடுத்தேன். கண்ணாடியின் கறுப்புத் தாள் எட்டு வருட வெயிலில் வெளுத்திருந்தது, பெயர் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அக்கா தம்பி மனைவியிடம் நேராகவே கேட்டாள். "அடுத்த வருஷம் அதே பாதையில அவனோட நான் போகணும்."

"அண்ணி, உங்களுக்குக் கார் ஆசை இருந்தா தாராளமா போங்க. இவரோட மட்டும் வேணாம்."

"அந்த வார்த்தையை இனிமே நான் சொல்லவே மாட்டேன்."

"சொல்ல மாட்டேன்னு நினைச்சுக்கிட்டா அன்னைக்குச் சொன்னீங்க?"

தம்பி நடுவில் புகுந்து, "தப்புல பாதி என்னோடது" என்றான். கையைத் தூளி கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தவன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அக்கா பிடித்தால் உடும்புப்பிடி. மறுநாளிலிருந்து அந்தச் சொல்லை விட்டாள். ராலியில் மட்டும் இல்லை, எங்கேயும். போனில் "சரிங்க", கடையில் "ஆகட்டும்", பஸ்ஸிலிருந்து இறங்கினால் வாயை மூடிக்கொண்டு தகரத்தில் இரண்டு தட்டு. முதல் மாதம் தினம் நாலைந்து தடவை வழுக்கினாள். வழுக்கும்போதெல்லாம் கட்டைவிரலில் விரல்தொப்பியால் ஒரு கொட்டு. நான் சும்மா இருப்பேனா? ஜன்னல் வழியாக, "அக்கா, நாளைக்கு மழை வரும்போல, ரைட்டா?" என்று தூண்டில் போடுவேன். "வேலையைப் பாருங்க ஸ்டிக்கர்" என்பாள், தலை நிமிராமல்.

அது போதாது என்று அவளுக்கே தெரிந்தது. வளைவுக்கு வேறு சொல் வேண்டும். வலம், இடம் என்று முயன்று பார்த்தார்கள். இரைச்சலில் இரண்டும் ஒரே முனகலாகக் கேட்டது. ஒரு நாள் லாரி டிரைவர் ஒருவர் கிழிந்த சீட்டுக்கு அளவு சொல்ல வந்தார். "எந்தப் பக்கம் கிழிஞ்சிருக்கு?" என்று அக்கா கேட்டாள். "சோத்தாங்கைப் பக்கம்" என்றார் அவர். அக்காவின் கத்தரி பாதித் துணியில் நின்றது.

சாப்பிடுகிற கை சோத்தாங்கை, கழுவுகிற கை பீச்சாங்கை. மாற்றிப் போட எந்தத் தமிழனுக்கும் கை வராது. முதலில் வலப்பக்கத்துக்கு "சோறு" என்று வைத்தாள். தம்பி, "சோறு, ஆறு, நூறு... பாட்டா பாடுற?" என்று சிரித்தான். கோபித்துக்கொள்ளாமல் நோட்டைத் திருத்தினாள். வலது "சோத்தா", இடது "பீச்சா", நூறு மீட்டருக்குச் "சதம்". தெருவில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பீச்சா என்று சத்தமாகச் சொல்ல கௌரவமான ஆட்கள் கூசுவார்கள். அவளோ கடை வாசலில் நின்று, கூவி விற்கிறவள் மாதிரி வாசித்துப் பழகினாள்.

தம்பி மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்க அண்ணி" என்றாள். காலியாகக் கிடந்த பழைய சந்தை மைதானத்தில் டிரம்களை வைத்து வளைவு போட்டிருந்தாள். அக்கா நோட்டு எழுதி வாசிக்க வேண்டும், அவள் ஓட்டுவாள். நானும் தம்பியும் பின்சீட்டில். ஓட்டிக்கொண்டே அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். மணி என்ன, பின் டயர்ல காத்து இருக்கா, வெயில் அடிக்குதா. இருபது நிமிடம் அக்கா தாக்குப்பிடித்தாள். "கதவு சரியா சாத்தியிருக்கா?" என்றதும் திரும்பிப் பார்த்து, "ரைட்" என்றாள்.

வேன் நின்றது. ஹேண்ட் பிரேக் இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டாள். அக்கா அன்று கடையைத் திறந்து, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். "இனிமே என்னை அப்படிக் கூப்பிடாதீங்க, ஸ்டிக்கர்" என்றாள். அதற்கப்புறம் நான் கூப்பிடவில்லை, கூப்பிட்டவர்களையும் விடவில்லை.

அடுத்த ஞாயிறும் வேன் வந்தது. அதிலும் ஒரு இடத்தில் அக்கா வழுக்கினாள். அடுத்த மாதமும் வந்தது, அதற்கடுத்த மாதமும். பிடிவாதத்தில் தம்பி மனைவி நாத்தனாருக்குச் சளைத்தவள் இல்லை. எட்டாவது மாதம் ஒரு மணி நேரம் ஓட்டினாள். வாயில் வந்ததையெல்லாம் கேட்டாள், நடுவில் கேலிகூடச் செய்து பார்த்தாள். அக்காவிடமிருந்து சோத்தாவும் பீச்சாவும் சதமும் சரியும் தவிர வேறெதுவும் வரவில்லை. வேனை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "போங்க. ஆனா கண்ணாடியில பேர் வேணாம். முழுசா கொண்டுவந்து விடுங்க, அப்புறம் பாக்கலாம்."

அக்கா அந்தச் சொல்லை விட்ட பதினான்காவது மாதம் போட்டி வந்தது. அன்று கார்களுக்கு நம்பர் ஒட்டுகிற வேலை எனக்கு. பத்தொன்பது கார்கள். இவர்களுடையது பதினாறாவதாகக் கிளம்பியது. உள்ளே நடந்ததை, காரில் இருந்த கேமராவில் பிறகு பத்துத் தடவையாவது பார்த்திருக்கிறேன். புழுதியில் எதிரே ஒன்றுமே தெரியவில்லை. அக்காவின் குரல் மட்டும் சீராக வருகிறது. "சோத்தா நாலு, எண்பது, பீச்சா மூணு, சதம்." பிறகு அந்தப் பாலம் வருகிறது. தம்பி வேண்டுமென்று கேட்டானா, பழக்கத்தில் கேட்டானா, இன்றுவரை சொல்ல மாட்டேன் என்கிறான். "அக்கா, சூடு பரவால்லையா?"

கேமராவில் அரை மூச்சு இடைவெளி கேட்கிறது. அக்காவின் வாய் திறந்திருக்கிறது. "நல்லாருக்கு. பாலம், பீச்சா ரெண்டு. பீச்சா ரெண்டு!" கார் இடப்பக்கம் மடங்கிப் போகிறது. வாய்க்கால் ஜன்னலில் ஒரு நொடி தெரிந்து மறைகிறது.

பதினோராவது இடம். கோப்பை கீப்பை எதுவும் கிடையாது. முடிவுக் கோட்டில் நேர அட்டையை நீட்டிவிட்டு அக்கா இறங்கினாள். முகம் முழுக்கப் புழுதி. கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு சுத்தமாக இருந்தது. தம்பி மனைவி முதலில் புருஷனின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

நான் அக்காவின் பெயரை ஸ்டிக்கரில் வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தது அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. எடுத்துக் கொடுத்தேன். "நான் ஒட்டுறேன், அளவு எடுத்து..." என்று ஆரம்பித்தேன். கேட்கவில்லை. தாளை உரித்தாள், வெளுக்காத அந்த இடத்தில் கை வைத்து அழுத்தினாள். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன், இவ்வளவு கோணலாக ஒட்டிய பெயரை நான் பார்த்ததில்லை. கடைசி எழுத்து கண்ணாடியை விட்டே இறங்கப் பார்த்தது.

அவள் ஒரு அடி பின்னால் வந்தாள்.

"அண்ணி, நேரா இருக்கா?"

அக்கா பார்த்தாள். பெயரைப் பார்த்தாள், ஒட்டியவளைப் பார்த்தாள்.

"ரைட்" என்றாள்.