அண்ணனை அழைத்துவரப் போன மேட்ச்

கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. வீட்டில் யாராவது மேட்ச் வைத்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். ஆனால் ஐம்பதுகளின் பிற்பாதியில், சிவகாசிப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போய், இந்தியாவும் சிலோனும் கொழும்பில் மோதியதை நேரில் பார்த்துவிட்டு வந்த ஆள் நான். சொன்னால் பேரப்பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். நான் போனது மேட்சுக்காக இல்லை என்பதை மட்டும் அவர்களிடம் சொல்வதில்லை.

அப்போது நான் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கிளார்க். வீடு திருத்தங்கலில். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யா பாதி ஆயுளைப் பிறத்தியார் நிலத்தில் பண்ணை வேலை பார்த்தே கழித்தவர். மீதியைத் தீப்பெட்டி ஆபீசில் லோடு தூக்கிக் கழித்தார். தீக்குச்சி மருந்துப் பொடி நெஞ்சுக்குள் இறங்கி, இருமல் முற்றி, கடைசியில் கட்டிலோடு கிடந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள்.

எனக்கு ஒரே அண்ணன். மீசை முளைக்கும் முன்பே கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில் ஒரு தமிழர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். பிறகு சொந்தமாகச் சின்னக் கடை போட்டார். மலைநாட்டுப் பக்கம் பெண்ணெடுத்தார். இரண்டு பெண் குழந்தைகள். அம்மா இறந்தபோது வந்தவர்தான், அப்புறம் வரவில்லை. நினைத்தபோது போய் வந்துகொண்டிருந்த கடலுக்கு நடுவே பாஸ்போர்ட், விசா என்று ஆயிரம் சட்டம் வந்துவிட்டது.

காலையில் கஞ்சி குடிக்க எழுப்பினால் அய்யா முதலில் கேட்பது, "பெரியவன் வந்துட்டானா?" என்பதுதான். எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். "அவன் வராம என்னைய எடுத்துராதீக" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். என்னை வைத்துக்கொண்டேதான் சொல்வார். மருந்து வாங்கிக் கொடுத்து, முதுகைத் துடைத்து, மலம் அள்ளியவன் நான். வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அவர் கேட்பதில் தப்பு இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அண்ணனை நேரில் போய்க் கையோடு கூட்டி வந்துவிடலாம் என்று விசாவுக்கு எழுதினேன். தகப்பனார் சாகக் கிடக்கிறார் என்பதையும் எழுதினேன். இல்லையென்று வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் இல்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் முதலாளிக்குக் கொழும்பு மேட்ச் ஆசை வந்தது. பட்டணத்தில் காலேஜ் படித்தபோது பிடித்துக்கொண்ட பைத்தியம் அவருக்கு. மேட்ச் நடக்கிற நாளில் ஆபீஸ் ரேடியோ அலறும்; நம் ஆள் அவுட்டானால் அன்று யாரும் அவரிடம் லீவு கேட்கக் கூடாது. எங்கள் சரக்கு கொழும்புக்கும் போய்க்கொண்டிருந்ததால், மேட்சைப் பார்த்த மாதிரியும் சீசனுக்கு ஆர்டர் பிடித்த மாதிரியும் இருக்கும் என்று கிளம்பினார். இங்கிலீஷில் கடிதம் எழுத என்னையும் சேர்த்துக்கொண்டார். கிரிக்கெட் பார்க்கப் போகிறோம் என்று எழுதினோம். விசா சுருக்காக வந்துவிட்டது.

பெற்ற தகப்பனுக்காகக் கேட்டபோது கிடைக்காதது, எவனோ பந்தைத் தட்டுவதைப் பார்க்கக் கிடைத்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷப்படுவதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை.

முதலாளியிடம் மறைக்காமல் விஷயத்தைச் சொன்னேன். "தாராளமாக் கூட்டிட்டு வாங்க தம்பி. ஆனா மேட்ச் முடியுற வரைக்கும் ஊருக்குக் கிளம்பணும்னு என்னைய அவசரப்படுத்தக் கூடாது" என்றார். அய்யாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவர் காதருகே குனிந்து, "அண்ணனைக் கூட்டியாரப் போறேன்" என்றேன். அன்று ஒரு வாய் கஞ்சி கூடுதலாகக் குடித்தார்.

மதுரை போய், ரயில் மாறி, மண்டபத்தில் கப்பலேறுகிறவர்களைச் சோதிக்கிற டாக்டர் முன்னால் வரிசையில் நின்று, தனுஷ்கோடியில் கப்பல் ஏறினோம். எனக்கு வாந்தி. முதலாளி என் தலையைப் பிடித்துக்கொண்டே சுழல்பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். பந்து சுழல்கிற லட்சணத்தைக் கேட்கக் கேட்க எனக்கு இன்னும் குமட்டியது.

அக்கரையில் இறங்கி மறுபடி ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கோட்டை ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். உடம்பு பெருத்து, முன்தலை வழுக்கை விழுந்து, சட்டைப் பையில் பேனாவோடு நின்றார். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். முதலாளி தனக்குத் தெரிந்த வியாபாரி வீட்டில் தங்கினார். நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அய்யா இன்னும் ரொம்ப நாள் தாங்க மாட்டாக. நீங்க வந்து ஒரு பார்வை பாத்தாப் போதும். என்கூடவே கிளம்பி வாங்க அண்ணே."

அண்ணன் கை கழுவிய செம்பைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஊருக் குடியுரிமை கேட்டு எழுதிப் போட்டிருக்கேன்லே" என்றார். "எப்ப வேணும்னாலும் விசாரணைக்குக் கூப்பிடுவாக. அன்னைக்கு நான் இங்கன இல்லேன்னா அம்புட்டுதான். பக்கத்துக் கடைக்காரர் தங்கச்சி கல்யாணத்துக்குன்னு ஊருக்குப் போனாரு. திரும்பி வர விசா கிடைக்கல. பொண்டாட்டி புள்ளைக இங்கன, அவரு அங்கன."

"அப்ப அய்யா?"

"மேட்ச் முடியட்டும். யோசிச்சுச் சொல்லுதேன்."

தகப்பனுக்கும் மேட்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குச் சுருக்கென்றது. தள்ளிப் போட அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மதினி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவருடைய பயம் எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் அதைப் பொருட்படுத்துகிற மனநிலையில் நான் இல்லை.

மேட்சன்று முதலாளி கூரை போட்ட இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் அண்ணனும் எதிர்ப்பக்கம் வெயிலில், புல்தரையில். அண்ணனின் தெருக்காரர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். அவர்களிடம் அண்ணன் சிங்களத்தில் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்த ஒரே சொல் 'இந்தியா'. ஊரிலிருந்து தம்பி வந்திருக்கிறான் என்பதைத்தான் சொல்லியிருப்பார். எனக்கு என்னவோ போல் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் திருத்தங்கலை இந்தியா என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஆட்டம் எனக்கு விளங்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் வெகுநேரம் நின்றார்கள். நடுவில் கொஞ்சம் ஓடினார்கள். திடீரென்று மைதானமே எழுந்து கத்தியது. இந்தியாக்காரர் ஒருவர் அவுட். சுற்றிலும் சரவெடி வெடித்தது. புகை கலைவதற்குள் அண்ணன் தன் பையிலிருந்து ஒரு சரத்தை எடுத்து, ஊதுபத்தியால் பற்ற வைத்துத் தூக்கிப் போட்டுவிட்டுக் குதித்தார். காலடியில் வந்து விழுந்த லேபிளைப் பார்த்தேன். பச்சைக்கிளி படம். எங்கள் கம்பெனி சரக்கு. அந்த லோடுக்கு பில் எழுதினதே நான்தான்.

"நம்ம ஆளு அவுட்டானதுக்கு நம்ம ஊரு வெடியையே போடுதீகளே அண்ணே" என்றேன்.

அவர் சிரித்த முகத்தை மாற்றாமல் என் காதோரம் குனிந்தார். "பின்னால உக்காந்திருக்கவுக எங்க தெருக்காரக. நாளைக்கு விசாரணையில, இவன் இங்கனயே இருக்கிறவன்னு சொல்ல வேண்டியவுக. நான் சும்மா உக்காந்திருக்க முடியுமா?"

பாவம், வயிற்றுப்பாட்டுக்கு வேஷம் போடுகிறார் என்று நினைத்து மனசை ஆற்றிக்கொண்டேன். மறுநாள் சிலோன்காரர்கள் மட்டை பிடித்தார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவர் அவுட்டாகி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அண்ணனைப் பார்த்தேன். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. அப்போது அவரை யாரும் கவனிக்கவில்லை. யாருக்காகவும் அவர் அதைச் செய்யவில்லை.

இவர் வரமாட்டார் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பக்கத்தில் விற்ற கடலையை அண்ணன் வாங்கிக் கொடுத்தார்; கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். இன்று யோசித்தால், அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? மீசை முளைத்ததும், கடை போட்டதும், பிள்ளை பெற்றதும் அங்கேதான். ஆனால் அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன்.

கடைசியில் மழை வந்து கெடுத்தது. யாருக்கும் வெற்றியில்லை என்று சொல்லிக் கலைத்துவிட்டார்கள். இதற்கா கடல் தாண்டி வந்தோம் என்று முதலாளி வியாபாரி வீட்டு வாசலில் நனைந்துகொண்டே புலம்பினார். எனக்கு அவரைப் பார்த்துச் சிரிப்புக்கூட வரவில்லை.

திரும்புகிற அன்று ஸ்டேஷனில் அண்ணனைத் தேடிக்கொண்டு நின்றேன். வந்தார். கையில் பெட்டி இருந்தது. மனம் மாறிவிட்டார், இத்தனை நாளும் இவரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினேன்.

"அய்யாவுக்குக் கம்பளி இருக்கு, பிஸ்கட் இருக்கு. மதினி தைலம் வச்சிருக்கா. நெஞ்சுல தேச்சு விடு" என்றார்.

கூட்டம் என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன். "கம்பளியா கேட்டாக? நாளைக்குக் கொள்ளி வைக்க யாரு வருவா?"

"நீ வையிலே."

"மூத்தவன் உசுரோட இருக்கையில நான் எப்படி வைக்கது? ஊரு என்ன கேக்கும்? உங்களுக்கு வெடி வைக்க மட்டும்தான் தெரியுமோ?"

அடித்திருந்தால்கூட அப்படிச் சுருங்கியிருக்க மாட்டார். ரயில் நகரும்வரை பிளாட்பாரத்தில் நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலாளி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அன்று முழுக்க அவர் கிரிக்கெட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அய்யா என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "எங்கலே அவன்?"

மழுப்பத் தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். குடியுரிமை, விசாரணை, போனால் திரும்ப முடியாது, வெடி, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது, எல்லாமே. அய்யா கொதித்துப் போவார் என்று எதிர்பார்த்தேன். கொதிக்க வேண்டும் என்றும் விரும்பினேன். அவர் கம்பளியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அந்த ஊரு அவனுக்கு எழுதிக் குடுத்துருமா?"

"குடுத்தாலும் குடுக்கும். இங்க வந்தா கண்டிப்பாக் குடுக்காது."

வெகுநேரம் இருமினார். பிறகு சொன்னார். "அம்புட்டு வருசம் இன்னொருத்தன் பண்ணையில கிடந்தேன். நிக்கதுக்கு ஒரு அடி மண்ணு எனக்குன்னு கிடையாது. அவனுக்காவது ஒரு ஊரு இருக்கட்டும். ஏலே, நான் செத்தா அவனுக்குத் தந்தி அடிக்காத. தந்தியப் பாத்தா அவனுக்குப் பொறுக்காது, கிளம்பி வந்துருவான். எல்லாம் முடிஞ்ச பொறவு கடுதாசி போடு. நீயே கொள்ளி வையி."

அதற்கப்புறம் பெரியவன் வந்தானா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் எரிச்சல்பட்ட எனக்கு, கேட்காமல் இருந்தது தாங்க முடியாததாக இருந்தது.

தீபாவளி சீசனில் போய்ச் சேர்ந்தார். ஊர்ப் பெரியவர்கள் தந்தி அடித்தாயா என்று கேட்டார்கள். அய்யா வேண்டாமென்றுவிட்டார் என்றேன். நம்பாதவர்களும் இருந்தார்கள், சொத்துக்காக அண்ணனிடம் மறைக்கிறான் என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. சொத்து என்றால் அந்தக் கயிற்றுக் கட்டில்தான். நான் கொள்ளி வைத்தேன். காரியம் முடிந்தபின் கடிதம் போட்டேன். அண்ணனிடமிருந்து பதில் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை, அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை.

அவருடைய மனு தள்ளுபடியானது என்பதே அங்கிருந்து வந்த வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏதோ ஒரு வருஷத்துக்குச் சாட்சி போதவில்லையாம். பிறகு இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, ஆட்களை உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று பங்கு போட்டுக்கொண்டன. அண்ணன் இந்தியாவின் பங்கில் வந்தார். அறுபதுகளின் கடைசியில், மண்டபம் முகாமில் இருக்கிறார்கள் என்று தகவல் வந்ததும் ஓடினேன்.

தகரக் கொட்டகை வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். முழுக்க நரைத்திருந்தது. மதினியும் பிள்ளைகளும் சோறு வாங்க வரிசையில் நின்றார்கள். என்னைப் பார்த்து நல்லாருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏன்லே தந்தி அடிக்கல?"

அய்யா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இத்தனை வருஷமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததுதான். கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"அவுக சொல்லுவாக. பெத்தவுக. நீ அடிச்சிருக்கணும்."

எனக்குப் பழைய கோபம் ஏறியது. "அடிச்சிருந்தா வந்திருப்பீகளா அண்ணே?"

வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தெரியலலே" என்றார். "வந்திருப்பேனா மாட்டேனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. தந்தி வந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."